நொதியிடமே கேட்போம்: தாளில் கட்டிய பெப்டைடுகள்

இன்று நான் பேசப்போவது ஒரு தாளைப் பற்றி. செல்லுலோஸ் தாள்தான். அதன் மேல் வரிசை வரிசையாக நானூறு புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தனி பெப்டைடு, அதாவது ஒரு குட்டையான அமினோ அமிலச் சங்கிலி, வேதிப் பிணைப்பால் தாளோடு கட்டப்பட்டிருக்கும். அந்தத் தாளை ஒரு நொதிக் கரைசலில் முக்கி எடுத்தால், நானூற்றில் எவை தனக்குப் பிடித்தவை, எவை ஆகாதவை என்று நொதியே காட்டிவிடும். இந்த உத்தி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் நம் கல்லூரிப் பாடங்களில் இதற்கு இன்னும் ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பைத் தேர்ந்துகொண்டேன்.

ஒரு நொதியால் எதைச் செய்ய முடியும் என்பது ஒரு கேள்வி. உயிரணுவுக்குள் அது எதைச் செய்கிறது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரியாமலே இரண்டாவதற்கு விடை எழுதுகிற வழக்கம் உயிர்வேதியியலில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதைக் களைய இந்தத் தாளைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

கதையை 1894இல் தொடங்குகிறேன். பெர்லினில் எமில் ஃபிஷர் சர்க்கரைகளோடு போராடிக்கொண்டிருந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த இன்வெர்ட்டின் ஆல்பா குளுக்கோசைடை உடைத்தது, பீட்டாவைத் தொடவில்லை. கசப்பு வாதுமையின் எமல்சின் பீட்டாவை உடைத்தது, ஆல்பாவை விட்டுவிட்டது. இரண்டு மூலக்கூறுகளுக்கும் இடையே ஒரே ஒரு கரியணுவில் பிணைப்பின் திசை மட்டுமே மாறியிருந்தது. பூட்டும் சாவியும் போல நொதியும் அது வினைபுரியும் தளப்பொருளும் பொருந்த வேண்டும் என்று அவர் எழுதியது அப்போதுதான். அதே ஃபிஷர் 1901இல் ஃபூர்னோவுடன் சேர்ந்து கிளைசில்கிளைசின் என்ற இரட்டை அமினோ அமிலத் துண்டைச் செய்தார். 1907இல் பதினெட்டு அமினோ அமிலம் கொண்ட சங்கிலி வரை போனார். தேர்வுத்தன்மை என்ற கேள்வியையும், அதற்கு விடை தேடத் தேவைப்படும் பெப்டைடு ஆக்கத்தையும் தொடங்கிவைத்தவர் ஒருவரே. இரண்டையும் ஒன்றாக இணைக்க அவர் காலத்தில் வழியில்லை.

வழி பிறந்தது 1963இல். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் புரூஸ் மெரிஃபீல்டு, பிசின் மணி ஒன்றில் முதல் அமினோ அமிலத்தைக் கட்டிவைத்து, அடுத்தடுத்து ஒவ்வொன்றாகச் சேர்த்து, நான்கு அமினோ அமிலப் பெப்டைடு ஒன்றைச் செய்து காட்டினார். ஒவ்வொரு படியிலும் மிஞ்சும் வேதிப்பொருளைக் கழுவி ஊற்றிவிடலாம், பெப்டைடு பிசினிலேயே தங்கும். இவ்வளவு எளிய ஒரு எண்ணத்துக்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது முற்றிலும் தகும்.

பாஸ்பேட் வைக்கும் கைனேஸ் நொதிகளை ஆராய்ந்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கல்லீரலின் பைருவேட் கைனேஸ் என்ற புரதத்தில் ஒரு குறிப்பிட்ட செரினில் புரதக் கைனேஸ் ஏ பாஸ்பேட் வைக்கிறது. அந்த இடத்தைச் சுற்றியிருந்த ஏழே அமினோ அமிலங்களைத் தனியே செய்து கொடுத்தபோதும் நொதி அதை ஏற்றுக்கொண்டது. லூசின், ஆர்ஜினின், ஆர்ஜினின், அலனின், செரின், லூசின், கிளைசின். 1977இல் புரூஸ் கெம்ப், எட்வின் கிரெப்ஸ் முதலியோர் வெளியிட்ட இந்தத் துண்டுக்கு இன்றும் கெம்ப்டைடு என்றே பெயர். செரினுக்கு முன்னால் இரண்டு ஆர்ஜினின் வேண்டும் என்பது அப்படித்தான் தெளிந்தது. ஆனால் இப்படி ஒவ்வொரு மாற்றத்தையும் சோதிக்க ஒவ்வொரு பெப்டைடாகச் செய்து, தூய்மைப்படுத்தி, அளந்து பார்க்க வேண்டும். பத்து மாற்றம் பார்த்தாலே பெரிய வேலை.

1984இல் ஆஸ்திரேலியாவில் மரியோ கெய்சன் குழு, பாலிஎத்திலீன் குச்சிகளின் நுனிகளில் கோமாரி நோய் வைரஸ் புரதம் ஒன்றை ஆறு ஆறு அமினோ அமிலமாக, 208 துண்டுகளாகச் செய்து, நோயெதிர்ப்பொருள் எந்தத் துண்டைப் பிடிக்கிறது என்று பார்த்தது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பெப்டைடு என்ற எண்ணம் அங்கே உருவானது. அதைத் தாளுக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பணியாற்றிய ரொனால்டு ஃபிராங்க். 1983இலேயே வடிதாள் வட்டுகளில் டி.என்.ஏ. துண்டுகள் செய்து பழகியவர் அவர். 1992இல் பெப்டைடுக்கு அதைச் செய்து, புள்ளி ஆக்கம் என்று பெயரிட்டார்.

இனி அந்தத் தாளை அருகில் போய்ப் பார்ப்போம். செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகளில் முதலில் ஒரு குட்டையான இணைப்புக் கையைப் பொருத்தி, அதன் நுனியில் அமினோ தொகுதி நிற்கும்படி செய்கிறோம். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் அந்தந்தப் புள்ளிக்குரிய அமினோ அமிலக் கரைசலைத் துளித்துளியாக வைக்கிறோம். எளிதில் ஆவியாகாத கரைப்பான் என்பதால் துளி பரவி ஒரு வட்டமாக நின்றுவிடும். அந்த வட்டமே ஒரு சிறு வினைக்கலம். அமினோ அமிலத்தின் அமினோ முனை எஃப்மாக் என்ற காப்புத் தொகுதியால் மூடப்பட்டிருக்கும். லூயி கார்பினோ 1970இல் அறிமுகப்படுத்திய இந்தக் காப்பு, பிப்பெரிடின் பட்டதும் கழன்றுவிடும். கழற்றிய பின் முழுத் தாளையும் கழுவி, அடுத்த சுற்றுத் துளிகள். ரைபோசோம் அமினோ முனையிலிருந்து புரதத்தைக் கட்டுகிறது. நாமோ கார்பாக்சில் முனையிலிருந்து தலைகீழாகக் கட்டுகிறோம். எல்லாச் சுற்றும் முடிந்ததும் டிரைபுளோரோ அசிட்டிக் அமிலம் பக்கச் சங்கிலிகளின் காப்புகளை நீக்கிவிடும்.

இதில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான கட்டம் ஒன்று உண்டு. காப்பைக் கழற்றிய பின் தாளை புரோமோபீனால் நீலத்தில் நனைத்தால், திறந்து நிற்கும் அமினோ தொகுதிகள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். தாள் முழுக்க நீலப் புள்ளிகள் எழும். அடுத்த அமினோ அமிலத் துளி விழுந்து வினை நடக்க நடக்க, நீலம் வெளுத்துப் பச்சையாகி, மஞ்சள் நோக்கிப் போகும். எந்தப் புள்ளி இன்னும் அழுத்தமான நீலமாக நிற்கிறதோ, அங்கே இணைப்பு நடக்கவில்லை. கருவி எதுவும் வேண்டாம், கண்ணே போதும். மாணவர்கள் ஒரு வேதிவினை நடந்து முடிவதை இவ்வளவு நேரடியாகப் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

அந்த நீலத்தை ஏன் இவ்வளவு கவனிக்க வேண்டும் என்றால், கணக்கு கொடுமையானது. ஒவ்வொரு சுற்றிலும் 99 சதவீதம் இணைந்தால், பதினைந்து சுற்றுக்குப் பின் 86 சதவீதம் சரியான சங்கிலி கிடைக்கும். 95 சதவீதமாகக் குறைந்தால் பாதிக்கும் கீழே, 46. தொண்ணூறாகக் குறைந்தால் ஐந்தில் ஒன்றுதான் மிஞ்சும். வினைபுரியாமல் நின்ற முனைகளை அசிட்டிக் அன்ஹைட்ரைடால் மூடிவிடுவது இதனால்தான். தப்பிய சங்கிலி தொடர்ந்து வளர்ந்து, ஒரு எழுத்து விடுபட்ட தவறான பெப்டைடாக நிற்கக் கூடாது. தாளில் தூய்மைப்படுத்தும் படி கிடையாது. உள்ளே என்ன கட்டினோமோ அதுவே நொதிக்கு முன் வைக்கப்படும்.

அடுத்தது நொதியின் முறை. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் லைசினில் மெத்தில் தொகுதி வைக்கும் நொதிகளை எடுத்துக்கொள்வோம். எஸ்-அடினோசில் மெத்தியோனின் என்ற மெத்தில் வழங்கியில் ட்ரிட்டியம் ஏற்றி, நொதியோடு சேர்த்துத் தாளை ஊறவைக்கிறோம். பிறகு நன்றாகக் கழுவி, எக்ஸ்ரே படத்தாளோடு சேர்த்து வைக்கிறோம். ட்ரிட்டியத்தின் கதிர் மிக வலுவற்றது, படத்தாளைத் தொடுமுன்னே அடங்கிவிடும். ஆகவே ஒளியாக மாற்றித் தரும் திரவத்தில் தாளை நனைத்து, மைனஸ் 80 பாகையில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கைனேஸ்களுக்கு பாஸ்பரஸ்-32 பயன்படுவதால் இவ்வளவு காத்திருப்பு இல்லை. படத்தாளைக் கழுவி எடுத்தால், நொதி வேலை செய்த புள்ளிகளெல்லாம் கறுத்திருக்கும்.

இப்போது புள்ளிகளை எப்படி அடுக்குகிறோம் என்பதே கேள்வி. ஹிஸ்டோன் எச்3இன் வாலில் முதல் 21 அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் இருபது அமினோ அமிலங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் 420 புள்ளிகள். பத்தி ஓர் இடம், வரிசை ஓர் அமினோ அமிலம். நொதி கண்டுகொள்ளாத இடத்தில் பத்தி முழுக்கக் கறுத்திருக்கும், எது வந்தாலும் சரி என்கிறது. கறாராகப் படிக்கும் இடத்தில் பத்தி முழுக்க வெள்ளை, ஒரே ஒரு புள்ளி கறுப்பு.

பிரெமன் நகரில் ஆல்பர்ட் ஜெல்ட்ஷ் குழு 2008இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. ஒன்று டிம்-5. நியூரோஸ்போரா என்ற ரொட்டிப் பூஞ்சையின் நொதி. இது இல்லாவிட்டால் அந்தப் பூஞ்சையில் டி.என்.ஏ. மெத்திலாக்கமே நின்றுபோகும் என்று 2001இல் தெரியவந்திருந்தது. மற்றொன்று பாலூட்டிகளின் ஜி9ஏ. இரண்டும் எச்3இன் ஒன்பதாம் லைசினைத் தொடுபவை. பாடநூல் அட்டவணையில் இரண்டுக்கும் எதிரே ஒரே விடைதான் இருக்கும்.

தாளில் அவை வேறு வேறு நொதிகள். எச்3இன் வாலில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒன்பதாம் லைசினைச் சுற்றி அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். இருபத்தேழாம் லைசினைச் சுற்றியும் அதே நான்கு, அதே வரிசையில். வேற்றுமை அடுத்த இரண்டு எழுத்துகளில்தான் தொடங்குகிறது. முன்னதில் த்ரியோனின், கிளைசின். பின்னதில் அலனின், புரோலின். டிம்-5 எட்டாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடம் வரை படிக்கிறது, அதிலும் பதினோராம் த்ரியோனினையும் பன்னிரண்டாம் கிளைசினையும் மிகக் கண்டிப்பாகக் கேட்கிறது. ஆகவே ஒன்பதையும் இருபத்தேழையும் அது குழப்பிக்கொள்ளாது. ஜி9ஏ எட்டாம் ஆர்ஜினினை விட்டுக்கொடுப்பதில்லை, மற்ற இடங்களில் பெரிதும் தாராளம். சோதனைக்குழாயில் ஜி9ஏ இருபத்தேழாம் லைசினிலும் மெத்தில் வைப்பது ஏன் என்று இதிலிருந்து விளங்கும். பத்தாம் செரினில் ஏற்கெனவே பாஸ்பேட் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் தாளிலேயே பார்க்கலாம். பாஸ்பேட் ஏறிய செரினையே துளியாக வைத்துக் கட்டிவிடலாம். அப்படிக் கட்டினால் ஜி9ஏ வேலை நிறுத்திவிடுகிறது. உயிரணு பிரியும் வேளையில் அந்தச் செரினில் பாஸ்பேட் ஏறுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தாராளமான நொதிக்கு ஹிஸ்டோன் மட்டும்தானா இலக்கு? இங்கேதான் இந்த முறையின் முழு வலுவும் தெரிகிறது. தாளிலிருந்து கிடைத்த விருப்பப் பட்டியலை வைத்து மனிதப் புரதங்களின் வரிசைகளைத் தேடினார்கள். பொருந்தி வந்த இயற்கைத் துண்டுகளை மறுபடி தாளில் கட்டி, மறுபடி நொதியிடம் கொடுத்தார்கள். தேறியவற்றைப் புரதமாகவே செய்து சோதித்தார்கள். விஸ், அசைனஸ், சி.டி.ஒய்.எல். என்ற புரதங்கள் வலுவாக மெத்தில் ஏற்றன. ஜி9ஏ தன்னைத்தானே மெத்திலாக்கிக்கொள்வதும் உறுதியானது. அந்த மெத்தில் ஏறும் இடத்தின் அண்டை எழுத்துகள் ஹிஸ்டோன் வாலைப் போலவே இருப்பதால், ஹிஸ்டோனில் வந்து ஒட்டும் எச்.பி.1 புரதம் இங்கேயும் வந்து ஒட்டுகிறது. ஹிஸ்டோன் நொதி என்று பெயர் வைத்துவிட்டு அதோடு நிறுத்தியிருந்தால் இவற்றைத் தேடவே தோன்றியிருக்காது. இந்த ஆய்வில் பங்கெடுத்த அருண்குமார் தயாளன் பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார் என்பதை இங்குள்ள மாணவர்களுக்காகச் சொல்கிறேன். இது தொலைதூரத்து வித்தை என்று எண்ண வேண்டாம்.

மருந்துப் பக்கமும் ஒரு சொல். புரதக் கைனேஸ் ஏயும் ஜியும் அண்ணன் தம்பி போன்றவை, பெரும்பாலும் ஒரே தளப்பொருளை ஏற்பவை. ஒன்றைத் தடுக்கும் மருந்து மற்றதையும் தடுத்துவிடும். வோல்ஃப்கேங் டோஸ்ட்மன் முதலியோர் எட்டு அமினோ அமிலப் பெப்டைடுகளைத் தாளில் கட்டி, கைனேஸ் ஜி எதை இறுகப் பிடிக்கிறது என்று இடம் இடமாகத் தேடிப்போனார்கள். கடைசியில் நின்றது லூசின், ஆர்ஜினின், ஐந்து லைசின், ஹிஸ்டிடின். தடுப்பு மாறிலி கைனேஸ் ஜிக்கு 0.82 மைக்ரோமோலார், கைனேஸ் ஏக்கு 559. ஏறக்குறைய எழுநூறு மடங்கு வேறுபாடு. எச்.ஐ.வி.யின் டாட் புரதத்திலிருந்து ஒரு துண்டை முன்னால் ஒட்டியபோது அது உயிரணுவுக்குள் நுழைந்தது, தடுப்பு மாறிலியும் 12.5 நானோமோலாராக இறங்கியது. நைட்ரிக் ஆக்சைடு மூளைத் தமனியை விரிப்பதை அந்தப் பெப்டைடு தடுத்தது. 2000இல் இது வெளியானது.

இவற்றையெல்லாம் விட என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2020இல் வந்த செட்-டி2 ஆய்வு. எச்3இன் முப்பத்தாறாம் லைசினில் மெத்தில் வைக்கும் நொதி அது. தாளில் பார்த்தபோது, பல இடங்களில் ஹிஸ்டோனில் உள்ள எழுத்தை விட வேறு எழுத்தையே அது விரும்பியது. அந்த விருப்பப்படி நான்கே அமினோ அமிலங்களை மாற்றி ஒரு பெப்டைடு செய்தார்கள். இயற்கையான எச்3 துண்டைவிட ஏறத்தாழ 290 மடங்கு திறமையாக அது மெத்தில் ஏற்றது. பூட்டுக்கு இயற்கை செய்துவைத்த சாவி சிறந்த சாவியே இல்லை என்றால், உயிரணுவில் அந்த வேலை எப்படி நடக்கிறது? செட்-டி2 ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் இரண்டின் வாலைப் பற்றிக்கொண்டு, படியெடுக்கப்படும் மரபணுவின் மேலேயே பயணம் செய்வது. இலக்கின் பக்கத்தில் கொண்டுபோய் விடப்பட்ட நொதிக்கு அதிக வேகம் தேவையில்லை என்பது என் எண்ணம். எழுத்து வரிசை பாதி விடை, நொதி நிற்கும் இடம் மீதி விடை. முதல் பாதியைத் துல்லியமாக அளந்தபோதுதான் இரண்டாம் பாதி எவ்வளவு பெரியது என்றே தெரிந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். தாளில் இருப்பது மடிப்பில்லாத தளர்ந்த துண்டு. ஒரு பெப்டைடு முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் வளையலாம் என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வரைந்து காட்டினார்கள். அந்தக் கோணங்களில் பலவற்றுக்கும் மாறிமாறிப் போக ஒரு குட்டைப் பெப்டைடுக்குத் தடையில்லை. மடிந்த புரதத்தின் உள்ளே அதே துண்டு ஒரே நிலையில் பூட்டப்பட்டிருக்கலாம், அல்லது நொதி தொட முடியாத ஆழத்தில் புதைந்திருக்கலாம். தாளில் கறுத்தது புரதத்தில் வெளுக்கலாம். மேலும் ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுவதால், இரண்டு இடங்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் அது கண்ணில் படாது. புள்ளிக்குப் புள்ளி பெப்டைடின் அளவும் சற்றே மாறும். ஆகவே ஒரே தாளை நம்பாமல் மூன்று தாள் செய்து சராசரி பார்ப்பது முறை.

இந்தக் குறைகள் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, தாள் திட்டவட்டமாக ஒன்றைச் சொல்லும்போது அதைக் கேட்டே ஆக வேண்டும். எச்2ஏ.எக்ஸ் என்ற ஹிஸ்டோனின் 134ஆம் லைசினை சுவ்39எச்2 என்ற நொதி மெத்திலாக்குகிறது என்று ஓர் ஆய்வு அறிவித்தது. 2016இல் அந்த நொதியின் தேர்வுத்தன்மையைத் தாளில் அளந்தார்கள். மிகக் கண்டிப்பான நொதி என்று தெரிந்தது. 134ஆம் லைசினின் சுற்றுப்புறம் அதன் விருப்பத்தோடு பொருந்தவில்லை. பெப்டைடிலும் புரதத்திலும் மெத்திலாக்கம் காணப்படவில்லை. நொதியைக் கூட்டினால் உயிரணுவில் ஒரு குறி கூடுகிறது, ஆகவே அந்த நொதிதான் அந்தக் குறியை வைக்கிறது என்ற தர்க்கத்தில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. அந்த நொதி வேறொரு நொதியைத் தூண்டியிருக்கலாம், நோயெதிர்ப்பொருள் வேறெதையோ பிடித்திருக்கலாம். தளப்பொருள் கண்டுபிடித்ததாகச் சொல்லும் எந்தக் கட்டுரையும் குறைந்தது தூய நொதியோடு ஒரு சோதனையும், இலக்கு லைசினை ஆர்ஜினினாக மாற்றிய ஒரு சோதனையும் காட்டியாக வேண்டும். ஆய்வேட்டைத் திருத்தும்போது நான் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

நம் கல்லூரிகளில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். லட்சங்கள் விலையுள்ள தானியங்கிக் கருவி இல்லாமல், மைக்ரோபிப்பெட்டால் கையாலேயே புள்ளி வைக்கலாம். ஃபிராங்கின் முறை அதற்கும் இடம் தருகிறது. பிப்பெரிடினுக்கும் டிரைபுளோரோ அசிட்டிக் அமிலத்துக்கும் நல்ல புகைக்கூண்டு கட்டாயம் வேண்டும், அதில் சமரசம் கூடாது. கதிரியக்க அனுமதி இல்லாத ஆய்வகம் புரதம் வெட்டும் நொதிகளை எடுத்துக்கொள்ளலாம். பெப்டைடின் தாளோடு ஒட்டிய முனையில் ஒளிரும் அமினோபென்சாயிக் அமிலத்தையும், மறுமுனையில் அந்த ஒளியை அணைக்கும் நைட்ரோடைரோசினையும் வைத்தால், நொதி நடுவில் வெட்டியதும் அணைப்பான் கழன்று போகும். புறஊதா விளக்கின் கீழ் புள்ளி ஒளிரும்.

முதல் தாளை டிரிப்சினோடு தொடங்குங்கள். லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் வெட்டும் என்று விடை தெரிந்த நொதி அது. அந்த விடை வராவிட்டால் தாளில்தான் கோளாறு. இரண்டாவதாகப் பப்பாளிப் பாலின் பப்பெய்ன். 1967இல் ஷெக்டரும் பெர்கரும் பெப்டைடுகளை வைத்துத்தான் பப்பெய்னின் பள்ளத்தில் ஏழு அமினோ அமிலங்கள் அமரும் இடங்களைக் கணக்கிட்டார்கள். வெட்டும் இடத்துக்கு இரண்டு எழுத்து முன்னால் ஃபினைல்அலனின் போன்றவற்றை அது விரும்பும். இதுவும் சரியாக வந்துவிட்டால், அடுத்து எருக்கம்பாலுக்குப் போங்கள். அதிலும் புரதம் வெட்டும் நொதிகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துத் தனித்தனித் தாளில் விட வேண்டும். கலவையாக விட்டால் யார் எந்தப் புள்ளியை வெட்டினார் என்று சொல்ல முடியாது. செடி நம் சாலையோரத்தில் நிற்கிறது. பிரித்தெடுக்கும் வேலைக்கு ஒரு பருவமும் தாள் வேலைக்கு ஒரு பருவமும் என்று முதுகலைத் திட்டப்பணியாகவே இதை அமைக்கலாம். விருப்பமுள்ள துறைகளுக்கு நெறிமுறையை எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.